பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றி லெனின்கிராட் ஏன்? ரஷ்ய மாவட்டப் பெயர்கள் பற்றி ஒரு விவாத இழை

தாழை:

ஒரு சந்தேகம். 1991இல் லெனின்கிராட் நகரம் பழையபடி பீட்டர்ஸ்பர்க் ஆனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வரைபடத்தில் அந்த நகரைச் சுற்றியிருக்கும் மாகாணத்துக்கு இன்றும் லெனின்கிராட் மாகாணம் என்றுதான் போட்டிருக்கிறது. உரால் பக்கம் போனால் அங்கேயும் இதே கதை. நகரம் யெகாத்தரின்பர்க், மாகாணம் ஸ்வெர்த்லோவ்ஸ்க். மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டுவைத்தார்களா? அப்படியே ஓப்லாஸ்து, கிராய், ஓக்ருக், ரயோன் என்று நாலைந்து சொல் வருகிறதே, அதையும் யாராவது விளக்கினால் புண்ணியம்.

வரைபடக்கிறுக்கன்:

மறதி இல்லை தாழை. 1991 ஜூன் 12 அன்று நடந்த வாக்கெடுப்பு நகரத்துக்கு மட்டும். நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் பழைய பெயரைக் கேட்டார்கள், செப்டம்பரில் மாற்றிவிட்டார்கள். மாகாணம் தனி நிர்வாகம். அங்கே யாரும் மக்களைக் கேட்கவில்லை, அதன் சபையும் கைவைக்கவில்லை. ஜெர்மன் முற்றுகையில் பட்டினி கிடந்து செத்த சனத்தை லெனின்கிராட் என்ற பெயரோடு சேர்த்தே நினைக்கிற தலைமுறை அங்கே இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1993இல் புதிய அரசியல் சட்டம் வந்தபோது 65ஆம் பிரிவில் எல்லா மாகாணப் பெயர்களும் வரிசையாக ஏறிவிட்டன. அதன் பிறகு பெயரைத் தொட்டால் அரசியல் சட்ட வாசகத்தையே தொடவேண்டும். முடியாது என்றில்லை. கெமரோவோ மாகாணம் 2019இல் தன் பெயருக்குப் பின்னால் குஸ்பாஸ் என்று சேர்த்துக்கொண்டது. ஆனால் அதற்கு யாராவது மெனக்கெட வேண்டும்.

அதே வருடங்களில் வேறு சில மாகாணங்கள் மெனக்கெட்டன. கோர்க்கி நகரம் நீஷ்னி நோவ்கோரத் ஆனபோது மாகாணமும் ஆனது. குய்பிஷெவ் சமாராவானபோதும் அப்படியே. அதனால் இது மாஸ்கோவின் கொள்கை இல்லை, அந்தந்த ஊர்ச் சபையின் மனநிலை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஓப்லாஸ்து, கிராய் இரண்டும் மாகாணம்தான். கிராய் என்றால் விளிம்பு. நாட்டின் ஓரத்தில் இருந்த பெரிய நிலப்பரப்புகளுக்கு வந்த பெயர். சட்டப்படி இன்று வேறுபாடு கிடையாது. ஓக்ருக் வட்டம் மாதிரி. சுயாட்சிப் பகுதிகளுக்கும் மாஸ்கோ நகரத்தின் பெரிய கூறுகளுக்கும் அதே சொல்லைப் புழங்குகிறார்கள். ரயோன் என்பது நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் நடுவில். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஜார் காலத்தில் அந்த இடத்தில் உயெஸ்து, வோலஸ்து என்று இருந்தன. 1923க்கும் 1929க்கும் இடையில் அவற்றைக் கலைத்துவிட்டு ரயோன்களை வரைந்தார்கள்.

சுவாரசியம் இந்த ரயோன் மட்டத்தில்தான். த்வேர் நகரம் 1931இலிருந்து சோவியத் தலைவர் கலினின் பெயரில் இருந்தது. 1990இல் நகரமும் மாகாணமும் பழைய பெயருக்குத் திரும்பின. நகரைச் சுற்றியிருக்கும் மாவட்டம் மட்டும் கலினின் மாவட்டமாகவே நிற்கிறது. வோல்கா கரையில் ஸ்தாவ்ரோபோல் என்று ஒரு ஊர். 1964இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தோல்யாத்தி இறந்ததும் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் தோல்யாத்தியைச் சுற்றியிருப்பது ஸ்தாவ்ரோபோல் மாவட்டம்தான். காக்கசஸ் பக்கம் இருக்கும் ஸ்தாவ்ரோபோல் கிராய் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தலைகீழாகவும் உண்டு. மாஸ்கோவுக்குக் கிழக்கே நோகின்ஸ்க். பழைய பெயர் பகரோத்ஸ்க், 1930இல் போல்ஷெவிக் நோகின் பெயருக்கு மாறியது. 2018இல் அந்த மாவட்டத்தைத் திருத்தி அமைத்தபோது அதற்குப் பகரோத்ஸ்க் என்ற பழைய பெயரைக் கொடுத்தார்கள். தலைநகர் இன்றும் நோகின்ஸ்க்!

கருப்புமசி:

ஆகமொத்தம் கம்யூனிஸ்ட் எச்சம். லெனின், கீரவ், கலினின், அக்டோபர், செஞ்சேனை, மே தினம். ரஷ்யாவில் எந்த நகரத்துக்குள் போனாலும் ஒரு லெனின் ரயோன், ஒரு கீரவ் ரயோன், ஒரு சோவியத் ரயோன். ஒரு பெயரை மாற்றிப் போட்டால் எந்த ஊர் என்றே தெரியாது. இதில் ஆராய என்ன இருக்கிறது?

வரைபடக்கிறுக்கன்:

> லெனின், கீரவ், கலினின்

நகரங்களுக்கு உள்ளே இருக்கும் ரயோன்களுக்கு நீங்கள் சொல்வது சரி. உயிரோடு இருப்பவர்கள் பெயரை வைக்கும் வழக்கமும் முதலில் இருந்தது. கலினின் நகரம் கலினின் உயிரோடு இருந்தபோதே வந்தது. பெர்ம் நகரம் 1940இல் சோவியத் தலைவர் மோலத்தவ் பெயருக்கு மாறியது. 1957இல் மோலத்தவ் பதவி இழந்தார், அதே வருடம் உயிரோடு இருப்பவர் பெயரை ஊருக்கு வைக்கக்கூடாது என்று ஆணை வந்தது, பெர்ம் மறுபடி பெர்ம். பிறகு இறந்தவர்கள் வரிசை. நாபரேஷ்னி செல்னி 1982இல் பிரெஷ்னெவ், 1988இல் பழைய பெயர். ரீபின்ஸ்க் 1984இல் அந்த்ரோப்பவ், 1989இல் பழைய பெயர். இஷெவ்ஸ்க் 1984இல் உஸ்தினவ், மூன்றே வருடத்தில் பழைய பெயர். ரீபின்ஸ்க்காரர்கள் பாவம், நடுவில் 1946 முதல் 1957 வரை ஷெர்பக்கோவ் என்றும் இருந்தார்கள்.

ஆனால் நகரத்துக்கு வெளியே வாருங்கள், கதை வேறு.

பெர்ம்_டாக்டரம்மா:

கருப்புமசி அண்ணா, நான் பெர்மில் மருத்துவம் படித்தவள். அங்கே மாவட்டப் பெயர், ஆற்றுப் பெயர் பாதிக்கு மேல் ரஷ்ய மொழியே இல்லை. விடுதியில் கோமி-பெர்மியாக் பெண் ஒருத்தி அறைத்தோழியாக இருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்குக் கண் திறந்தது. அவர்கள் மொழியில் 'வா' என்றால் தண்ணீர். சில்வா, கோஸ்வா, யாய்வா, உஸ்வா, கோல்வா, இன்வா எல்லாம் ஆறுகள். 'கார்' என்றால் ஊர். இன்வா கரையில் இருப்பது குதிம்கார். கோமி குடியரசின் தலைநகர் சிக்திவ்கார், அதாவது சிக்திவ் ஆற்றின் ஊர். அந்த ஆற்றை ரஷ்யர்கள் சிசோலா என்பார்கள், அதனால் 1930 வரை அந்த ஊருக்கு உஸ்த்-சிசோல்ஸ்க் என்று பெயர். 'உஸ்த்' என்று தொடங்கும் ரஷ்ய ஊர் எதைப் பார்த்தாலும் அங்கே ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ கலக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பெர்ம் என்ற பெயருக்கும் பலர் ஏற்கிற விளக்கம் இருக்கிறது. மேற்கே இருந்த வெப்ஸ் மக்கள் மொழியில் 'பேரா மா', பின்னால் கிடக்கும் நிலம். வியாபாரத்துக்கு வந்தவர்களுக்கு அது பின்னால். அங்கேயே இருக்கிறவர்களுக்கு அது எப்படிப் பின்னால் ஆகும்?

தாழை:

இது பிடித்திருக்கிறது. பெயர் ஊரைச் சொல்லவில்லை, வைத்தவன் எங்கே நின்றான் என்பதைச் சொல்கிறது.

வரைபடக்கிறுக்கன்:

ரஷ்ய நிர்வாகப் பெயர்களில் பாதி அப்படித்தான். 'ஸா' என்ற முன்னொட்டு அப்பால், 'பிரி' பக்கத்தில், 'போத்' கீழே. 2008இல் சீத்தா மாகாணத்தையும் அகின்-புரியாத் ஓக்ருக்கையும் சேர்த்து ஸபாய்கால் கிராய் உண்டாக்கினார்கள். பைகாலுக்கு அப்பால் என்று பொருள். மாஸ்கோவில் நின்றால் அப்பால். சீத்தாவில் நிற்பவருக்கு அது இங்கே. பிரியனேஷ் மாவட்டம் ஒனேகா ஏரிப் பக்கம். ஸ்விர் ஆற்றில் பத்பரோஷ்யே, ஆற்றின் பாறைத் துள்ளல்களுக்குக் கீழே. இந்தக் கடைசி வகை படகோட்டி வைத்த பெயர், அதில் எனக்குப் புகார் இல்லை. அதே ஸ்விரில் லதெய்னயே போலே இருக்கிறது, படகு வயல். 1702இல் பீட்டர் அங்கே கப்பல் கட்டும் துறை அமைத்தார்.

பழம்புத்தகக்காரர்:

கருப்புமசி தம்பிக்கு ஒரு செய்தி. பெயரை அழித்து அரசியல் செய்வதைப் போல்ஷெவிக்குகள் கண்டுபிடிக்கவில்லை. காஸ்பியனில் போய் விழும் உரால் ஆற்றுக்கு 1775 வரை யாயிக் என்று பெயர். புகச்சோவ் தலைமையில் யாயிக் கொசாக்குகள் (எல்லைப்புறக் குதிரைவீரர்கள்) கிளர்ந்தெழுந்து பேரரசி இரண்டாம் கேத்தரினை நடுங்க வைத்தார்கள். புகச்சோவின் தலையை வெட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆணை வந்துவிட்டது: ஆறு இனி உரால், கொசாக்குகள் இனி உரால் கொசாக்குகள், யாயிக் நகரம் இனி உரால்ஸ்க். நடந்ததை எல்லாரும் மறந்துபோக வேண்டும் என்பதே நோக்கம். அவன் பிறந்த ஸிமவேய்ஸ்கயா கிராமத்துக்கும் கேத்தரினுக்கு நெருக்கமான பத்தியோம்கின் பெயரைச் சூட்டினார்கள்.

1918இல் என்ன நடந்தது என்றால், ஜார் முதலாம் நிக்கலாய் பெயரில் இருந்த நிக்கலாயெவ்ஸ்க் என்ற ஊருக்குப் புகச்சோவ் என்று பெயரிட்டார்கள். சராத்தவ் மாகாணத்தில் இன்றும் புகச்சோவ் மாவட்டம் இருக்கிறது. அதே மாகாணத்தில் மார்க்ஸ் மாவட்டமும் ஏங்கெல்ஸ் மாவட்டமும் உண்டு.

அந்தப் பக்கத்துக் கதை இன்னொன்றும் இருக்கிறது. வோல்கா ஜெர்மானியர்கள் கேத்தரின் காலத்தில் குடியேறியவர்கள். மார்க்ஸ் நகரம் அவர்கள் கட்டிய யெகாத்தரினென்ஸ்தாத். 1920இல் மார்க்ஸ்ஸ்தாத் ஆனது. 1941இல் அந்த மக்கள் மொத்தத்தையும் சைபீரியாவுக்கும் கஸகஸ்தானுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். 1942இல் ஊர்ப் பெயரிலிருந்து 'ஸ்தாத்' கழன்றது, வெறும் மார்க்ஸ். பால்ஸர் என்ற ஜெர்மன் ஊர் அதே வருடம் கிரஸ்னஅர்மேய்ஸ்க், செஞ்சேனை ஊர். ஜெர்மானியரான மார்க்ஸ் தப்பித்தார், ஜெர்மன் விகுதி தப்பவில்லை.

நெடுந்தெரு:

சும்மா ஓர் இடைச்செருகல். சோவியத் காலத்து முன்னேற்றப் பதிப்பகத் தமிழ்ப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் 'உங்கள் கருத்துகளை எழுதி அனுப்புங்கள்' என்று ஒரு முகவரி இருக்குமே, 17, ஸூபவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ. அது இன்றைய எந்த ரயோனில் வருகிறது?

வரைபடக்கிறுக்கன்:

ஹமோவ்னிகி. 'ஹமோவ்னிக்' என்றால் துணி நெசவாளி. 17ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்கு மேசைத்துணி நெய்தவர்கள் குடியிருந்த பகுதி. மாஸ்கோவின் நடுப்பகுதி ரயோன் பெயர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய குடியிருப்புகளிலிருந்து வந்தவை. ஸமஸ்க்வரேச்சியே என்றால் ஆற்றுக்கு அப்பால். கிரெம்லின் பக்கம் நின்று பார்த்த பெயர். யாக்கிமன்கா அங்கே இருந்த யோவாக்கிம்-அன்னாள் தேவாலயத்தால் வந்தது. வெளி வட்டத்துக்குப் போனால் விழுங்கப்பட்ட கிராமங்களின் பெயர்: ஸ்யூஸினோ, பிர்யுலோவோ, செர்த்தானோவோ.

நெடுந்தெரு:

நெசவாளர் தெருவிலிருந்தா அத்தனை புத்தகமும் வந்தது! நன்றி ஐயா.

கருப்புமசி:

சரி, ஜாரும் செய்தார், போல்ஷெவிக்கும் செய்தார், ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. பெயர் மாற்றுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. ரஷ்யாவில் மட்டும் அப்படி என்ன தனியாக இருக்கிறது?

கிழக்குக்கரை:

தனியாக இருப்பது என்னவென்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது என் பல வருடத்துக் கிறுக்கு.

பின்லாந்து எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இலும் பிறகு 1944இலும் சோவியத் யூனியன் பின்லாந்திடமிருந்து கரேலியப் பகுதியைப் பிடித்தது. அங்கே இருந்த நாலு லட்சம் பேர் வீட்டைப் பூட்டிவிட்டு பின்லாந்துக்குள் போய்விட்டார்கள். ஒரே போர், ஒரே நிலம், ஒரே வகைக் கிராமங்கள். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். வடக்குப் பாதியில் பின்னிஷ் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. பித்க்யாரந்தா, நீண்ட கரை. சுவோயார்வி, சதுப்பு ஏரி. லஹ்தென்போஹ்யா, வளைகுடாவின் கோடி. சொர்தவலா. இவை எல்லாம் இன்றும் மாவட்டத் தலைநகர்கள், ரஷ்ய வாய்க்குள் சிக்கிக்கொண்டு திணறினாலும்.

தெற்குப் பாதிக்கு வாருங்கள். காகிசால்மி (குயில் நீரிணை) இப்போது பிரியோஸெர்ஸ்க், ஏரியோர ஊர். தெரியோக்கி ஸெலனகோர்ஸ்க், பச்சைமலை. அந்த்ரியா கமென்னகோர்ஸ்க், கல்மலை. என்ஸோ ஸ்வெத்தகோர்ஸ்க், ஒளிமலை. யாஸ்கி லெஸகோர்ஸ்கி, காட்டுமலை. கொய்விஸ்தோ பிரிமோர்ஸ்க், கடலோர ஊர். எல்லாம் 1948ஐ ஒட்டி நடந்தது.

ஏன் வடக்கில் தப்பின, தெற்கில் செத்தன? நடுவில் ஒரு நிர்வாகக் கோடு. வடக்குப் பகுதி கரேலிய-பின்னிஷ் சோவியத் குடியரசுக்குள் இருந்தது. 1940 முதல் 1956 வரை அது யூனியனின் தனிக் குடியரசு, அங்கே பின்னிஷ் ஆட்சிமொழி. தெற்கே வீபோர்க், காகிசால்மி, யாஸ்கி மாவட்டங்களை 1944 நவம்பரில் பிரித்து லெனின்கிராட் மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே பின்னிஷுக்கு எந்த இடமும் இல்லை. கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைத் தவிர அந்த ஊர்களுக்குள் வேறு வித்தியாசமே கிடையாது.

இதிலிருந்து நான் கற்ற பாடம்: ரஷ்ய வரைபடத்தில் இனிமையான, எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய ஒரு பெயரைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். பச்சைமலை, ஒளிமலை, ஏரியோரம், கடலோரம். ஓர் ஊரில் பத்துத் தலைமுறை வாழ்ந்தவன் அப்படிப் பெயர் வைக்கமாட்டான். அவனுக்கு அங்கே கத்துகிற குயில் தெரியும், எந்தப் பக்கம் சேறு என்று தெரியும். வரைபடத்தை மேசையில் விரித்து ஒரே மாதத்தில் நூறு பெயர் வைக்கவேண்டிய அதிகாரிக்குத்தான் எல்லா மலையும் பச்சை.

பெர்ம்_டாக்டரம்மா:

பால்டிக் கரையிலுள்ள கலினின்கிராடும் இதில் சேரும்தானே?

கிழக்குக்கரை:

சேருவது மட்டுமில்லை, அங்கே இரண்டு தடவை நடந்தது. போருக்கு முன் அது ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யா. அதன் ஊர்ப் பெயர்கள் பல பழைய பிரஷ்ய, லித்துவேனிய வேர் கொண்டவை. 'உபே' என்றால் ஆறு, 'கைமாஸ்' என்றால் கிராமம். நாஜிகளுக்கு அது உறுத்தியது. 1938இல் ஸ்தல்லுப்போனென் என்ற ஊரை எபென்ரோதே என்று 'ஜெர்மன்' ஆக்கினார்கள். தார்கேமென் அங்கரப் ஆனது. லஸ்தேனென் ஹஸெல்பெர்க் ஆனது. பிறகு செஞ்சேனை வந்தது. 1946 ஜூலை 4 அன்று கோனிக்ஸ்பெர்க் கலினின்கிராட் ஆனது, கலினின் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எபென்ரோதே நெஸ்தெரவ், அங்கரப் ஓஸியோர்ஸ்க், ஹஸெல்பெர்க் கிரஸ்னஸ்நாமென்ஸ்க். ஸ்தல்லுப்போனெனில் பிறந்த ஒரு கிழவி எட்டே வருடத்தில் மூன்று பெயருள்ள ஊரில் வாழ்ந்திருப்பாள். அதற்குள் அவளையே ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள் என்றால்.

அங்கே புதுப் பெயர் இரண்டு வகை. ஒன்று போரில் செத்தவர்கள்: தளபதி செர்ன்யஹோவ்ஸ்கி பெயரில் செர்ன்யஹோவ்ஸ்க் (பழைய இன்ஸ்தெர்புர்க்), கேப்டன் குசெவ் பெயரில் குசெவ் (கும்பின்னென்). இந்த வகையை நான் குறை சொல்லமாட்டேன், அந்த மனிதர்கள் அந்த மண்ணுக்கான போரில் விழுந்தவர்கள். மற்றது பச்சைமலை வகை: க்ராந்ஸ் ஸெலனக்ராத்ஸ்க், ரவுஷென் ஸ்வெத்லகோர்ஸ்க். பக்ரத்தியோனவ்ஸ்க் மட்டும் யோசித்து வைத்த பெயர். பழைய பெயர் பிரஷ்ய அய்லாவ், 1807இல் நெப்போலியனை எதிர்த்து அங்கே நடந்த போரில் இளவரசர் பக்ரத்தியோன் சண்டையிட்டார்.

ஆறுகளைக் கவனியுங்கள். அங்ரபா, பிரெகோல்யா, லாவா, பிஸ்ஸா. எல்லாம் பழைய பெயர். ஊர் மாறும், ஆறு மாறாது.

பழம்புத்தகக்காரர்:

நண்பரே, ஆறு மாறாது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மேலே யாயிக் கதையை எழுதிவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறேன். தூரக்கிழக்கில் இன்னும் பெரிதாக நடந்தது. 1969இல் உசூரி ஆற்றில் தமான்ஸ்கி தீவுக்காக சோவியத்தும் சீனாவும் சுட்டுக்கொண்டன. சீனா அந்த நிலத்துக்கு வரலாற்று உரிமை பேசியது. 1972 டிசம்பரில் பசிபிக் கரையிலுள்ள பிரிமோர்யேவில் சீன ஒலியுள்ள பெயர்களை மொத்தமாகத் துடைத்தார்கள். சுச்சான் நகரம் பர்த்திஸான்ஸ்க். தெத்யூஹே தல்னெகோர்ஸ்க். இமான் தல்னெரெச்சென்ஸ்க். மன்ஸோவ்கா சிபிர்த்செவோ. ஆறுகளும் தப்பவில்லை: சுய்ஃபூன் ரஸ்தோல்னயா ஆனது, லெஃபூ இலீஸ்தயா, தௌபிஹே அர்செனியெவ்கா, இமான் ஆறு பெரிய உசூர்க்கா. சிஹோத்தே-அலின் மலைத்தொடர் மட்டும் எப்படியோ தப்பியது, அது மஞ்சூப் பெயர்.

இதில் வேடிக்கை எது தெரியுமா? தல்னெகோர்ஸ்க் என்றால் தொலைமலை ஊர். தல்னெரெச்சென்ஸ்க் தொலை-ஆற்று ஊர். இது எங்கள் ஊர், எப்போதும் எங்கள் ஊர் என்று நிரூபிக்க வைத்த பெயரிலேயே 'தூரம்' என்று எழுதிவிட்டார்கள். எங்கிருந்து தூரம்?

தாழை:

மாஸ்கோவிலிருந்துதான், வேறெங்கிருந்து! பெர்ம், ஸபாய்கால், இப்போது இது.

கிழக்குக்கரை:

பிரிமோர்யேவை விட்டுவிட்டு வேறு எதையும் பேசமுடியாது, அவ்வளவு வளமான மாகாணம். எல்லாப் படிவும் அங்கே ஒரே பக்கத்தில் கிடக்கிறது. தெர்னெய் மாவட்டம் ஒரு பிரெஞ்சு அட்மிரல் பெயர். 1787இல் லா பெரூஸ் என்ற கடலோடி அந்தக் கரையைத் தொட்டபோது விரிகுடாவுக்குத் தெர்னெ என்று வைத்துவிட்டுப் போனார். செர்னிகோவ் மாவட்டம் உக்ரைனின் செர்னிகோவிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் கையோடு கொண்டுவந்த பெயர். ஹங்காய் மாவட்டம் ஹன்கா ஏரியால் வந்தது. ஹசான் மாவட்டம் 1938இல் ஜப்பானோடு மோதிய ஹசான் ஏரி. லாஸோ மாவட்டம் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட செர்கேய் லாஸோ. அங்கே ஆயிரக்கணக்கில் இருந்த கொரியர்களை 1937இல் மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியதோடு அவர்கள் கிராமங்களும் போயின. அவற்றின் பெயர்களில் வரைபடத்தில் மிஞ்சியது சொற்பம்.

சஹாலினின் தெற்குப் பாதி அதே கணக்கு. ஜப்பானியர் கட்டிய தொயோஹரா 1946இல் யூஷ்னோ-சஹாலின்ஸ்க், மவொக்கா ஹோல்ம்ஸ்க், ஹொந்தோ நெவெல்ஸ்க், ஷிகுகா பொரோனாய்ஸ்க். கடைசிப் பெயர் மட்டும் நல்ல தேர்வு. ஜப்பானியருக்கும் முன்னால் இருந்த ஐனு மக்கள் மொழியில் 'பொரோ நய்' என்றால் பேராறு. ஜப்பானியப் பெயரைத் தூக்கிவிட்டு ஐனு பெயரை வைத்தார்கள். ஐனுக்களுக்காகச் செய்ததா, ஜப்பானியர் மீதிருந்த கோபத்தில் செய்ததா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கருப்புமசி:

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். உள்ளூர் மொழிப் பெயரைத் திரும்பக் கொடுத்ததும் சோவியத் காலத்தில்தானே நடந்தது? இப்போது சொன்ன சிக்திவ்கார் 1930.

பெர்ம்_டாக்டரம்மா:

நியாயம் அண்ணா. ஓப் ஆற்றின் முகத்தில் ஓப்தோர்ஸ்க் 1933இல் சலெஹார்த் ஆனது, நெனெத்ஸ் மொழியில் முனையிலுள்ள ஊர். நர்யான்-மார் அதே மொழியில் செந்நகரம். வெர்ஹ்னெஊதின்ஸ்க் 1934இல் உலான்-ஊதே, புரியாத் மொழியில் சிவந்த ஊதே. ஊதே என்பது அங்கே ஓடும் ஆறு. துவாவின் தலைநகர் 1914இல் ரஷ்யர்கள் கட்டியபோது பெலத்ஸார்ஸ்க், வெள்ளை ஜாரின் ஊர். 1918இல் ஹெம்-பெல்திர், ஆறுகள் கூடுமிடம். 1926இல் கிஸில், அதாவது சிவப்பு. வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தது. உள்ளூர் மொழிதான், ஆனால் அந்த மொழியில் சொல்லச் சொன்னது 'சிவப்பு' என்ற சொல்லை.

மாவட்டத்துக்கான சொல்லையே விட்டுக்கொடுக்காத இடங்களும் உண்டு. யாகூத்தியாவில் ரயோனுக்குப் பெரும்பாலும் உலுஸ் என்றே சொல்வார்கள். துவாவில் கொஷூன். யாகூத்தியாவின் ஹங்கலாஸ், நாம், மெகினோ-கங்கலாஸ் உலுஸ்கள் எல்லாம் பழைய சஹா (யாகூத்) குலங்களின் பெயர்கள்.

வரைபடக்கிறுக்கன்:

காக்கசஸைத் தொடாமல் போகமுடியாது. வட ஒசேத்தியாவில் பிரிகொரத்னி மாவட்டம். புறநகர் என்று மட்டும்தான் பொருள், விளதிகவ்காஸ் நகரத்துக்கு வெளியே என்று. அதைவிடச் சப்பென்ற பெயர் வைக்கமுடியாது. 1944இல் செச்செனியரையும் இங்குஷியரையும் நாடுகடத்தியபோது இங்குஷ் மக்களின் இந்த மாவட்டத்தை வட ஒசேத்தியாவுக்குக் கொடுத்தார்கள். 1957இல் செச்செனிய-இங்குஷ் குடியரசு திரும்பி வந்தது, இந்த மாவட்டம் திரும்பவில்லை. 1992 இலையுதிர்காலத்தில் அங்கே இரண்டு இனத்தாரும் மோதிக்கொண்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

தாகெஸ்தானில் நோவலாக் மாவட்டம், புதிய லாக். லாக் மக்கள் மலையில் வாழ்ந்தவர்கள். 1944இல் அவுஹ் மாவட்டத்துச் செச்செனியரை ஏற்றி அனுப்பிவிட்டு, லாக்குகளைக் கட்டாயமாக இறக்கிக் காலி வீடுகளில் குடிவைத்தார்கள். மாவட்டப் பெயரில் 'புதிய' என்று ஒட்டினார்கள். 1991இல் அவுஹ் மாவட்டத்தை மீட்பதாகத் தாகெஸ்தானில் முடிவெடுத்தார்கள். லாக்குகளுக்கு மஹச்கலா பக்கத்தில் புது ஊர்கள் கட்டித்தரும் வேலை பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. கிழக்குக்கரை, 'புதிய' என்று தொடங்கும் மாவட்டத்தையும் உங்கள் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

நெடுந்தெரு:

கொஞ்சம் இலேசான கேள்வி கேட்கலாமா? த்ஸாரித்சின் என்றால் ஜார் ராணியின் ஊர்தானே? வோல்கோகிராடின் பழைய பெயர்.

பழம்புத்தகக்காரர்:

கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ராணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. அங்கே வோல்காவில் விழும் சிற்றாற்றின் பெயர் துருக்கிய மொழியில் 'சாரி சு', மஞ்சள் தண்ணீர். ரஷ்யக் காதில் அது த்ஸாரித்சா ஆகிவிட்டது. பீட்டர்ஸ்பர்க் பக்கத்து ஜார் கிராமமும் இப்படியே. பின்னிஷில் 'சாரி' என்றால் தீவு, மேடு. சார்ஸ்கயா என்று முதலில் எழுதினார்கள். அரண்மனை வந்ததும் ஜார்ஸ்கயே ஆயிற்று. 1937இல் அந்த ஊருக்குப் புஷ்கின் பெயர் வந்தது, இன்றும் அது பீட்டர்ஸ்பர்க்கின் புஷ்கின் ரயோன். ஆக இரண்டு 'சாரி', இரண்டு மொழி, இரண்டுக்கும் ஒரே கிரீடம்.

ஓரென்பர்கும் நினைவுக்கு வருகிறது. 'ஓர்' என்ற பெயருள்ள ஆற்றின் கரைக் கோட்டை என்பது பொருள். 1735இல் அந்த ஆற்றங்கரையில் கட்டினார்கள், பிறகு இரண்டு முறை இடம் மாற்றி 1743இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. பெயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். 'ஓர்' என்ற அந்த ஆறு முதல் இடத்திலேயே ஓடுகிறது, அங்கே இருக்கும் ஊர் ஓர்ஸ்க்.

தாழை:

கடைசியாக ஒன்று. பிரிமோர்யேவில் பொஷார்ஸ்கி மாவட்டம் என்று பார்த்தேன். அது 1612இல் போலந்துப் படையை மாஸ்கோவிலிருந்து விரட்டிய இளவரசர் பொஷார்ஸ்கியா? அவருக்கும் அந்தக் கடல் ஓரத்துக்கும் என்ன சம்பந்தம்?

கிழக்குக்கரை:

இவர் வேறு. இவான் பொஷார்ஸ்கி, 1938இல் ஹசான் ஏரிச் சண்டையில் இறந்த ரெஜிமென்ட் கமிஸார். அதற்கு முன்னால் அந்த மாவட்டம் பொஸ்தீஷெவ் பெயரில் இருந்தது. அவர் 1938இல் கைதாகி மறுவருடம் சுடப்பட்டார், பெயர்ப்பலகை காலியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வரைபடம் வாங்கும்போது உதவும். 2019இலிருந்து முனிசிபல் ஓக்ருக் என்ற புது வடிவத்தைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், பல மாகாணங்களில் ரயோன்களை அப்படி மாற்றிக்கொண்டே வருகிறார்கள். பெயர் பெரும்பாலும் அதேதான், பின்னொட்டுத்தான் மாறுகிறது. பழைய வரைபடத்தில் ரயோன் என்றும் புதியதில் ஓக்ருக் என்றும் இருந்தால் இரண்டு இடம் என்று நினைத்துவிடாதீர்கள். லெனின்கிராட் மாகாணத்துக்கும் 2021இல் முதன்முறையாகச் சொந்தத் தலைநகர் அறிவித்தார்கள், கத்சினா. அந்த ஊர் 1923 முதல் 1929 வரை எந்தப் பெயரில் இருந்தது என்று தேடிப் பாருங்கள்.

கருப்புமசி:

தேடினேன். த்ரோத்ஸ்க், த்ரோத்ஸ்கியின் பெயர்!